ஒழுங்கை வாயில் யார் நிற்பது?

வாசகர் கடிதம்:

"ஐயா, நான் இணுவிலில் இருக்கிறேன். ஸ்கூட்டி ஓடத் தொடங்கி ஏழு வருசம். போன மாதம் எங்கள் ஒழுங்கையிலிருந்து கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதிக்கு ஏறும்போது, வலப்பக்கமாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பெடியனின் மோட்டார் சைக்கிள் என் முன் சில்லில் தட்டியது. இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் உரசல். அவனுக்கு சிக்னல் லைட்டும் பக்கக் கண்ணாடியும் உடைந்தன. கூடிய சனம் எல்லாம் 'அவன்தான் பறந்து வந்தவன்' என்றார்கள். நான் பதற்றத்தில் ஏழாயிரம் ரூபா கொடுத்து முடித்துவிட்டேன். 'உன்னில பிழை இல்லாமல் ஏன் குடுத்தனி' என்று வீட்டில் இவர் இன்னும் ஏசுகிறார். பிழை யாருடையது?

மகளை ரியூசனுக்கு ஏற்றிப்போகும் வழியில் ஒரு ரயில் கடவை இருக்கிறது. மணி அடிக்கும், சிவப்பு லைட் மினுங்கும், ரயிலைக் காணோம். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள், சிலர் விலத்திக்கொண்டு போகிறார்கள். நிற்பதா, போவதா?

இவரை யாழ்ப்பாணம் டவுனில் நிறுத்தக்கூடாத இடத்தில் வாகனம் விட்டதற்காகப் பிடித்து, லைசென்சை வாங்கிக்கொண்டு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்குப் பதினோராம் நாள். இன்னும் கட்டவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து அண்ணா வருகிறார். எங்கள் காரை அவர் ஓடலாமா? அங்கத்தைய லைசென்ஸ் போதுமா? மகனுக்கு 17 வயது, என் ஸ்கூட்டியைக் கேட்டு ஒரே கரைச்சல். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்."

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிழை உங்களுடையதுதான். சுற்றிவளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழாயிரம் கொடுத்ததும் சரிதான். கொடுத்த முறையில் மட்டும் ஒரு குறை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

சின்ன வீதியிலிருந்து பெரிய வீதிக்கு ஏறுகிறவர்தான் நிற்க வேண்டும். பெரிய வீதியில் வருகிறவர் போன பிறகே ஏறலாம். பெடியன் பறந்து வந்தான் என்று சனம் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். வீடும் கடையும் நெருங்கிய இடத்தில் மோட்டார் சைக்கிளுக்கு மணிக்கு 50 கிலோமீற்றர்தான் அளவு. அதைத் தாண்டி வந்திருந்தால் அது அவன் செய்த குற்றம். பொலிஸ் வந்திருந்தால் அவனுக்கும் எழுதியிருப்பார்கள், வழக்கென்று போயிருந்தால் நட்டத்தில் அவனுடைய பங்கையும் பார்த்திருப்பார்கள். ஆனால் அவன் ஓடி வந்தான் என்பதற்காக நீங்கள் நிற்காமல் ஏறியது சரியாகிவிடாது. உங்கள் கணக்கு வேறு, அவன் கணக்கு வேறு.

நீங்கள் நிற்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவன் தட்டியது உங்கள் முன் சில்லில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் முன் சில்லு ஏற்கனவே வீதிக்குள் நின்றிருக்கிறது. அநேகமாக நீங்கள் வேகத்தைக் குறைத்திருப்பீர்கள், வலப்பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்துமிருப்பீர்கள். பார்த்தபோது கண்ணுக்குத் தெரிந்தது மூலை வீட்டு மதில்.

எங்கள் ஒழுங்கைகளின் சங்கதியே இதுதான். ஒரு காலத்தில் கிடுகு வேலியும் பனைமட்டை வேலியும் இருந்த இடத்தில் இப்போது ஆறடி ஏழடி மதில், அல்லது தகரம். மதில் வீதி விளிம்பு மட்டும் வந்து நிற்கும். ஸ்கூட்டியில் இருக்கிறவருடைய கண்ணுக்கும் முன் சில்லின் நுனிக்கும் இடையில் ஒரு மீற்றருக்கு மேல் தூரம். காரென்றால் இரண்டு மீற்றருக்கும் கூட. அதாவது, உங்கள் கண் மதிலைத் தாண்டி வீதியைப் பார்க்கிற நேரத்தில், உங்கள் சில்லு ஏற்கனவே மற்றவனுடைய வழியில் நிற்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றரில் வருகிற மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனுக்கு 16 மீற்றருக்கு மேல் ஓடும். உங்கள் சில்லைக் கண்டு, மூளைக்கு உறைத்து, கை பிறேக்கைப் பிடிக்கவே அந்தப் பெடியனுக்கு ஒரு செக்கன் போய்விடும். பிறேக் பிடித்த பிறகு நிற்க எடுக்கிற தூரம் அதற்கு மேல்.

என்னிடம் பழக வருகிறவர்களுக்கு நான் ஒழுங்கை வாயில் இரண்டு தரம் நிற்கச் சொல்வேன். முதல் தரம், மதில் முடிகிற இடத்துக்கு உள்ளே, முன் சில்லு வீதிக்கு வராமல். அங்கே நின்றால் ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டாலும் நிற்க வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தில் காது வேலை செய்யும், நடைபாதை ஓரமாக வருகிற சைக்கிள்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் உங்களைக் காண்பார்கள். பிறகு இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, அரை அடி அரை அடியாக ஊர்ந்து, கழுத்தை முன்னுக்கு நீட்டி, கண் வீதியைப் பிடித்ததும் இரண்டாம் தரம் நிற்க வேண்டும். வலம், இடம், திரும்பவும் வலம். அந்த இரண்டாவது வலத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இடப்பக்கம் பார்த்து முடிப்பதற்குள் வலப்பக்கத்தில் ஒரு புது வாகனம் வந்துவிடும். அவசரமாக எழும்பி, தலைக் கவசத்தைக் கொளுவிக்கொண்டு, மகளுக்கு நேரம் போகிறது என்று நினைத்தபடி வரும்போது இந்த ஊர்தல் பெரிய கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்குத் தெரியும். ஆனால் முழுவதும் சேர்த்து ஏழெட்டு செக்கன் வேலை.

ஏழு வருசம் ஓடுகிறவருக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் வயதுக்காரர் பலரும், என் வயதுக்காரர் எல்லோரும், வேறொரு யாழ்ப்பாணத்தில் வாகனம் பழகியவர்கள். நான் பழகியது தொண்ணூறுகளில், ஒரு ஏ40 காரில். பெற்றோல் கிடையாது. கொஞ்சப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். பின்னால் வருகிறவனுக்குக் கண் எரியும். வீதி முழுக்கக் கிடங்கு. நினைத்தாலும் ஓட முடியாது. எதிரே ஒரு கார் வந்தால் யாருடைய கார், எங்கே போகிறது என்று வீட்டில் போய்ச் சொல்வோம். அந்த வீதியில் ஒழுங்கை வாயில் நிற்காமல் ஏறினாலும் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் வருகிறதெல்லாம் சைக்கிள். 2009க்குப் பிறகு ஏ9 திறந்தது, ஒன்றன்பின் ஒன்றாக வீதிகள் அகலமாகின, காப்பற் போட்டார்கள். கே.கே.எஸ். வீதியும் பலாலி வீதியும் இன்றைக்கு வழுக்குகிற மாதிரி இருக்கின்றன. வாகனம் பெருகியது, வேகம் கூடியது. ஒழுங்கை மட்டும் அதே ஒழுங்கை, எங்கள் காலும் அதே கால். உங்களுக்கு அன்றைக்கு நடந்ததும் இந்த இடைவெளியில்தான். நானும் இதில் சேர்த்திதான்: போன வருசம் கோண்டாவிலில் ஒரு ஒழுங்கையால் வந்து ஏறும்போது, பக்கத்தில் இருந்த பழகுகிற பிள்ளை 'மாஸ்டர், வான்!' என்று கத்தியதால் தப்பினேன். அன்றைக்கு முழுக்க அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

சரி, ஏழாயிரத்துக்கு வருகிறேன். சமாதானமாகப் போனது நல்லது. ஆனால் கையில் ஒரு துண்டுகூட இல்லாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பத்து நாள் கழித்து 'எனக்கு இடுப்பு நோகிறது' என்று அவன் பொலிசுக்குப் போனால், நீங்கள் இடித்துவிட்டு ஓடிய ஆளாகத்தான் தெரிவீர்கள். இனி ஒரு நாளும் நடக்க வேண்டாம். நடந்தால், வாகனத்தை இழுப்பதற்கு முன் போனில் நாலு படம்: சில்லு நின்ற இடம், உடைந்த பாகம், இரண்டு வாகனத்தின் இலக்கத் தகடு, வீதியின் இரண்டு பக்கமும். காயம் இருந்தால் முதலில் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. பிறகு காப்புறுதிக் கொம்பனிக்கு ஒரு அழைப்பு, கிட்டிய பொலிஸ் நிலையத்தில் ஒரு முறைப்பாடு. சமாதானமாகப் போவதென்றாலும் அதை அங்கே எழுத்தில் பதிந்துவிட்டுப் போகலாம். உங்களிடம் இருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால், உங்கள் ஸ்கூட்டியின் செலவு உங்கள் கையால்தான் போகும். அதையும் தெரிந்து வைத்திருங்கள்.

ரயில் கடவைக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில்: நில்லுங்கள். ஹோர்ன் அடிக்கிறவன் அடிக்கட்டும்.

இதிலும் அந்தப் பழைய யாழ்ப்பாணம் எங்களுக்குள் இருக்கிறது. 1990 ஆனியில் ரயில் நின்றது. யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி, காங்கேசன்துறைக்குப் போனது 2015 தை 2ஆம் திகதி. இடையில் 24 வருசம். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் போன இடம் தெரியாது. அந்தக் கரையில் சைக்கிள் ஓடினோம், மாடு கட்டினோம், சில இடத்தில் குடியிருந்தோம். ஒரு தலைமுறை முழுக்க, வீதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ரயில் என்று ஒன்று வரும் என்ற நினைப்பே இல்லாமல் வாகனம் பழகியது. அந்தத் தலைமுறைதான் இப்போது உங்களுக்குப் பின்னால் நின்று ஹோர்ன் அடிக்கிறது. பழைய யாழ்தேவியின் ஓட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு 'தூரத்திலதானே வருது' என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: புதுப் பாதை வேகமான ஓட்டத்துக்குப் போட்டது. மணிக்கு 90 கிலோமீற்றரில் வருகிற ரயில் ஒரு செக்கனுக்கு 25 மீற்றர் வரும். சாரதி உங்களைக் கண்டு பிறேக் போட்டாலும் நிற்க நூற்றுக்கணக்கான மீற்றர் வேண்டும். பெரிய பொருள் ஒன்று நேராக எங்களை நோக்கி வரும்போது அதன் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. நிற்கிற மாதிரித்தான் இருக்கும், திடீரென்று முழுசாக வந்து நிற்கும்.

மணி அடித்தும் ரயிலைக் காணவில்லை என்கிறீர்களே, அது வரும். மணி முன்கூட்டியே அடிக்கத்தான் வைத்தது. சில நேரம் பழுதாகி வெறுமனே அடிக்கும் என்பதும் உண்மைதான். அப்படி நீண்ட நேரம் அடித்தால் ஸ்கூட்டியை ஓரத்தில் விட்டு, இறங்கி, கடவைக் காவலாளி இருந்தால் அவரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பி வேறு கடவையால் போங்கள். சிவப்பு மினுங்கும்போது விலத்திக்கொண்டு போகிறவர்கள் பற்றிக் கேட்டீர்கள். கடவை விதியை மீறினால் தண்டம் ஆகக் குறைந்தது 25,000 ரூபா. சாதாரண தண்டத் தாளில் முடிகிற விசயம் இல்லை அது, நீதிமன்றம் போக வேண்டும்.

ரயில் இல்லாத நேரத்திலும் கடவைக்கு ஒரு முறை இருக்கிறது. மறுபக்கத்தில் உங்கள் ஸ்கூட்டி முழுதாக நிற்க இடம் இருந்தால் மட்டும் தண்டவாளத்தில் ஏறுங்கள். முன்னால் போகிற ஓட்டோவின் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு ஏறினால், அவர் மறுகரையில் ஆளை இறக்க நிற்பார், நீங்கள் தண்டவாளத்தில் நிற்பீர்கள். மழைக்குத் தண்டவாளம் சவர்க்காரம் மாதிரி. வீதி சரிவாகக் கடக்கிற இடத்தில் சில்லை நேர்குத்தாகத் திருப்பிக் கடக்க வேண்டும், பிறேக்கைத் தொடக்கூடாது. மகள் பின்னால் இருந்தால் அவளையும் ஒரு பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை பிடிக்கும்.

வெறும் பலகை மட்டும் நிற்கிற கடவைகளும் வயல் பக்கமாக இருக்கின்றன. அங்கே எஞ்சினை மெதுவாக விட்டு, தலைக் கவசத்தின் கண்ணாடியை உயர்த்தி, காதால் கேட்டுத்தான் போக வேண்டும்.

உங்கள் கணவர் விசயம் அவசரம். பதினோராம் நாள் என்றால் இன்னும் மூன்று நாள்தான். அந்தத் தாளிலேயே குற்றமும் தொகையும் எழுதியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு தபாற்கந்தோரில் கட்டி, பற்றுச்சீட்டை வாங்கி, தாள் எழுதிய பொலிஸ் நிலையத்தில் காட்டி லைசென்சை எடுக்க வேண்டும். 14 நாளுக்குள் கட்டினால் எழுதிய தொகை. தாண்டினால் 28ஆம் நாள் வரை இரட்டிப்பு. அதையும் தாண்டினால் நீதிமன்றம். அதைவிட முக்கியம், அந்தத் தாள்தான் 14 நாளைக்கு அவருடைய தற்காலிக லைசென்ஸ். பதினைந்தாம் நாள் அவர் வாகனம் ஓடினால் லைசென்ஸ் இல்லாமல் ஓடுகிற கணக்கு. ஞாயிற்றுக்கிழமை தபாற்கந்தோர் பூட்டு என்பதையும் நினைவில் வையுங்கள். பலர் அதில்தான் மாட்டுவார்கள்.

தாள் எழுதியது பிழை என்று அவர் நினைத்தால் கட்ட வேண்டியதில்லை, நீதிமன்றத்தில் நின்று சொல்லலாம். அது அவருடைய உரிமை. ஆனால் 'நிறுத்தாதே' பலகைக்கு நேர் கீழே விட்டுவிட்டு, 'ரெண்டு நிமிசம்தான் ஐயா விட்டனான்' என்பது வாதமாகாது. கஸ்தூரியார் வீதியிலும் ஆஸ்பத்திரி வீதியிலும் அந்த இரண்டு நிமிசத்தால்தான் பஸ் நடுவீதியில் நின்று ஆள் இறக்குகிறது. எப்படியானாலும் வீதியில் வைத்து யார் கையிலும் காசு கொடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டு இல்லாத தண்டம் தண்டமே இல்லை.

அண்ணாவுக்கு இரண்டு பதில். சட்டம் முதலில். கனடா லைசென்சை மட்டும் காட்டி இங்கே ஓட முடியாது. அங்கே எடுக்கிற சர்வதேச அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்தும் ஓட முடியாது. அதைக் கொழும்பில் இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் காட்டி அங்கீகாரம் வாங்க வேண்டும், அல்லது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக லைசென்ஸ் எடுக்க வேண்டும். 2025 ஆவணியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே இதற்கு ஒரு கவுன்ரர் இருக்கிறது. வந்து இறங்கியதும் எடுத்துவிட்டு யாழ்ப்பாணம் வரட்டும். இங்கே வந்து உடுப்பு மாற்றிய பிறகு இதற்காக ஒருவரும் திரும்பக் கொழும்பு போகமாட்டார்கள். உங்கள் காப்புறுதிக் கொம்பனிக்கும் போன் பண்ணி, வெளிநாட்டு லைசென்ஸ்காரர் ஓடினால் பொறுப்பேற்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். அவர் உங்கள் ஸ்கூட்டியில் கோயிலுக்குப் போக ஆசைப்பட்டால், ஒன்ராறியோக்காரர் என்றால் அவர் கையில் இருப்பது அநேகமாகக் கார் வகுப்பு லைசென்ஸ்தான், மோட்டார் சைக்கிளுக்கு அங்கே தனி வகுப்பு. கார் லைசென்சில் ஸ்கூட்டி ஓடலாகாது.

இரண்டாவது பதில் சட்டத்தில் இல்லாதது. வீதியின் வலப்பக்கமாக வாகனம் ஓடுகிற நாட்டிலிருந்து வருகிறவர்கள் நெரிசலில் பிழைவிடமாட்டார்கள், முன்னால் போகிற வாகனத்தின் பின்னால் போவார்கள். வெறும் வீதியில்தான் விடுவார்கள். விடிய ஐந்து மணிக்குப் பூசைக்குப் போக வெளிக்கிட்டு, படலையால் வெளியே வந்ததும் கை தானாக வலப்பக்கம் போகும். பெற்றோல் செற்றால் வெளியே வரும்போதும் அப்படித்தான். முதல் மூன்று நாள் நீங்கள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் 'இடம், இடம்' என்று சொல்லுங்கள், கோபித்தாலும் பரவாயில்லை. எங்கள் ஜப்பான் கார்களில் சிக்னல் போடுகிற கம்பி வலப்பக்கம். அவர் திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஓடும். பிள்ளைகள் சிரிப்பார்கள், பின்னால் வருகிறவனுக்கு மட்டும் சிக்னல் தெரியாது.

லைட் அடிக்கிற விசயத்தைத்தான் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அங்கே எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை ஒருக்கால் மினுக்கினால் 'நீ போ' என்று அர்த்தம். இங்கே அதே மினுக்கு 'நான் வாறன், நீ நில்' என்று அர்த்தம். அண்ணா நன்றி சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டு நேரே பஸ்ஸுக்கு முன்னால் திரும்புவார். முன்னால் போகிற லொறி வலப்பக்கச் சிக்னல் போட்டாலும் அவசரப்படாமல் பின்னால் நிற்கட்டும். அது திரும்பப் போகிறதா, முந்தாதே என்கிறதா என்பது லொறிக்காரருக்கே அன்றைய மனநிலையைப் பொறுத்தது. சுற்றுவட்டத்தில் மட்டும் சந்தேகம் வேண்டாம்: வலப்பக்கமாக வருகிறவருக்கு வழிவிட வேண்டும். வழிவிட்டால் பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

சைக்கிளில் போகிற வயதான ஐயாமாரையும் அவருக்குக் காட்டிக் கொடுங்கள். எங்கள் ஊரில் அவர்கள் நிறைய. அவர்கள் கை காட்டமாட்டார்கள். வலப்பக்கம் திரும்ப நினைத்தால் முதலில் மிதிப்பதை நிறுத்துவார்கள், பிறகு வலத்தோளுக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார்கள். பார்க்கிறபோதே சைக்கிள் ஒரு முழம் வலப்பக்கம் சரிந்துவிடும். கரியரில் ஒரு மூட்டையும் இருந்தால் இன்னும் கூட. கால் மிதிப்பதை நிறுத்திய அந்தக் கணத்தில் பின்னால் வருகிறவர் முந்துகிற நினைப்பை விட்டுவிட வேண்டும். இது ஒரு புத்தகத்திலும் இல்லை, எழுத்துப் பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள்.

திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் பூட்டுத்தான். காரைத் தூரத்தில் எங்கேயாவது ஒழுங்கான இடத்தில் விட்டுவிட்டு நடக்கச் சொல்லுங்கள். பழைய குறுக்கு ஒழுங்கைகள் தெரியும் என்று அவர் தேர் அன்றைக்கு வீரம் காட்ட வெளிக்கிட்டால், திரும்ப முடியாத இடத்தில் நிற்பார்.

மகனுக்குப் பதில்: இல்லை. 18 வயது முடிந்து, லைசென்ஸ் எடுத்த பிறகுதான். அவன் ஓடிப் பிடிபட்டால் அவனுக்கு மட்டும் வழக்கில்லை, லைசென்ஸ் இல்லாதவனுக்கு வாகனத்தைக் கொடுத்ததற்கு உங்களுக்கும் வழக்கு, ஆகக் குறைந்தது 25,000. யாரையாவது இடித்துவிட்டால் லைசென்ஸ் இல்லாதவன் ஓடியதைக் காட்டிக் காப்புறுதிக் கொம்பனி கைகழுவப் பார்க்கும். 'எல்லாப் பெடியளும் ஓடுறாங்கள்' என்று அவன் சொல்வான். ஓடுகிறார்கள்தான், நானும் தினமும் காண்கிறேன். இந்த ஒரு வருசம் சைக்கிளில் ரியூசனுக்குப் போகட்டும். ஒழுங்கை வாயில் மேலே சொன்ன மாதிரி இரண்டு தரம் நின்று பழகட்டும், வலம் இடம் வலம் சைக்கிளுக்கும் ஒன்றுதான். சைக்கிளில் நின்று பழகியவனுக்கு மோட்டார் சைக்கிளில் நான் அதை இன்னொரு தரம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று மறந்துவிட்டேன். அந்த மூலை வீட்டு மதிலுக்கு மேலால் பூவரசோ கிளுவையோ தலைநீட்டிக்கொண்டு நிற்கிறதா? அப்படியென்றால் மதிலைவிட அதுதான் கூட மறைக்கும். மூலை வீட்டுக்காரரிடம் போய் நாலு கிளை வெட்டிவிடச் சொல்லிக் கேளுங்கள், ஆட்டுக்குக் குழை என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு குவிவாடி பொருத்தவும் கேட்கலாம். ஒழுங்கை வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் பொறுப்பு, கே.கே.எஸ். வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஒழுங்கைக்காரர் எல்லோரும் கையெழுத்து வைத்து இரண்டு இடத்துக்கும் ஒரே கடிதமாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்தை உங்கள் இவரை வைக்கச் சொல்லுங்கள்.